எதிலும் முதலிடம் இல்லை, எதிலும் ஃபெயில் இல்லை: நியோப்ரீன் பற்றி வாசகர் கேள்விகள்

போன இதழில் ரப்பர் வகைகளைப் பற்றி எழுதியபோது நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பருக்கு நாலே வரிதான் ஒதுக்கினேன். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அந்த நாலு வரியைப் பற்றித்தான்! சரி, இந்த முறை முழுக்க நியோப்ரீனே இருக்கட்டும். ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். நான் எழுதியதில் இருந்த தப்பு ஒன்றையும் ஒருவர் பிடித்திருக்கிறார், அவர் கடிதமும் உள்ளே இருக்கிறது.

கேள்வி (வேதியியல் மாணவி ஒருவர்): நியோப்ரீன் என்பது கம்பெனி வைத்த பெயரா, பொருளின் பெயரா? மரத்திலிருந்து வரும் ரப்பருக்கும் இதற்கும் அடிப்படையில் என்ன வித்தியாசம்?

பொருளின் பெயர்தான். டூபான்ட் நிறுவனம் 1931-ல் இதை அறிவித்தபோது 'டூப்ரீன்' என்று தன் பெயரையும் ஒட்டி வைத்திருந்தது, பிறகுதான் 'நியோப்ரீன்' என்று பொதுப்பெயர் ஆனது. பாடப்புத்தகத்தில் பாலிகுளோரோப்ரீன் என்று இருக்கும்.

வித்தியாசம் ரொம்பச் சின்னது, அதுதான் இதில் அழகு. ரப்பர் மரத்துப் பாலில் இருப்பது ஐசோப்ரீன் என்ற மூலக்கூறு ஆயிரக்கணக்கில் கைகோத்த சங்கிலி. அந்த ஐசோப்ரீனில் நாலு கார்பன்கள் வரிசையாக நிற்கும், இரண்டாவது கார்பனில் ஒரு மெத்தில் தொகுதி தொங்கும். அந்த மெத்திலைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் ஒரு குளோரின் அணுவை மாட்டுங்கள், குளோரோப்ரீன் ஆகிவிடும். அதைச் சங்கிலியாகக் கோத்தால் நியோப்ரீன். மெத்திலும் குளோரினும் அளவில் கிட்டத்தட்ட ஒன்றுதான், குணத்தில்தான் எதிரும் புதிரும். குளோரின் எலெக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொள்ளும். ரப்பர் சங்கிலியின் பலவீனமான இடம் அதன் இரட்டைப் பிணைப்பு, காற்றிலுள்ள ஓசோன் வந்து கடிப்பது அங்கேதான். பக்கத்திலேயே குளோரின் உட்கார்ந்து எலெக்ட்ரானை இழுத்துப் பிடித்திருந்தால் ஓசோனுக்குக் கடிக்க அவ்வளவாக ஒன்றும் கிடைக்காது. அதே காரணத்தால் கந்தகத்துக்கும் கிடைக்காது! இயற்கை ரப்பரைக் கந்தகம் போட்டு வேகவைத்து இறுக்குகிறார்கள், நியோப்ரீனுக்கு அது சரியாக வேலை செய்யாது, துத்தநாக ஆக்சைடும் மெக்னீசியம் ஆக்சைடும் போட்டுத்தான் இறுக்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள், குளோரோப்ரீனின் எடையில் சுமார் 40 சதவீதம் குளோரின்தான். கீழே வரும் பதில்களில் பாதி இந்தக் குளோரினிடம்தான் போய் நிற்கும்.

கேள்வி (பட்டறை வைத்திருப்பவர்): நியோப்ரீன் தண்ணீரில் மிதக்கும் என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் பட்டறையில் கேஸ்கெட் வெட்ட வைத்திருக்கும் ஷீட்டிலிருந்து ஒரு துண்டு வெட்டி வாளியில் போட்டேன், கல் மாதிரி மூழ்கிவிட்டது. எது சரி?

உங்கள் வாளிதான் சரி, நான் எழுதியது தப்பு. கெட்டி நியோப்ரீனின் அடர்த்தி 1.23 அளவில் இருக்கும், அதாவது தண்ணீரைவிடக் கிட்டத்தட்டக் கால்பங்கு கனம். எல்லாம் அந்தக் குளோரினின் பளு. வெறும் இயற்கை ரப்பர் 0.92 தான், அது மிதக்கும். ஷீட்டில் கார்பன் கருப்பு என்ற கரித்தூளும் சேர்த்திருப்பார்கள், அது இன்னும் கனம்.

நான் மனதில் வைத்து எழுதியது நீச்சல் உடை, மடிக்கணினி உறை இவற்றில் வரும் நியோப்ரீன் நுரையை. அதற்குள் லட்சக்கணக்கான மூடிய குமிழ்கள் இருக்கின்றன, மிதக்க வைப்பது அந்தக் குமிழ்களில் உள்ள வாயு. நுரை என்ற ஒரு சொல்லை விட்டதால் வந்த வினை.

அப்புறம் ஒன்று, மூழ்கியது என்பதால் மட்டும் அது நியோப்ரீன் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கார்பன் கருப்பு சேர்த்த நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் ஷீட்டும் மூழ்கும், சாதாரண ரப்பர் ஷீட்டும் மூழ்கும். செம்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி ரப்பரில் தொட்டு மறுபடி தீயில் காட்டினால், குளோரின் இருந்தால் தீ பச்சையாக எரியும். பழைய சோதனை, நல்ல சோதனை. ஆனால் பிவிசிக்கும் அதே பச்சைதான் வரும். புகையை மூச்சில் இழுக்காமல் வெட்டவெளியில் செய்ய வேண்டிய வேலை இது.

கேள்வி (மெக்கானிக் ஒருவர்): நியோப்ரீன் ஆயில் தாங்கும் என்கிறார்கள். அப்படியானால் பெட்ரோல் ஓஸாகப் போடலாமா? ஆக்சில் பூட் ஏன் இதில் செய்கிறார்கள்? ஃபேன் பெல்ட்டில் மட்டும் ஏன் இப்போது இது குறைந்துவிட்டது?

முதலில் பெட்ரோல். போடாதீர்கள். 'ஆயில் தாங்கும்' என்பதை இயற்கை ரப்பரோடு ஒப்பிட்டுச் சொல்கிறார்கள். இயற்கை ரப்பர் ஆயிலில் ஊறினால் பஞ்சுபோல உப்பும், நியோப்ரீன் கொஞ்சம் உப்பி நின்றுவிடும். கிரீஸ், மினரல் ஆயில் எல்லாம் ஓரளவு சமாளிக்கும். பெட்ரோலில் பென்சீன் வகையறா சேர்மங்கள் இருக்கின்றன, அவை நியோப்ரீனுக்குள் புகுந்து ஊதவைத்துவிடும். தின்னர், அசிட்டோன், டொலுவீன், குளோரின் கலந்த கரைப்பான்கள் எதிலும் இது நிற்காது. எரிபொருள் பக்கம் வந்தால் நைட்ரைல் ரப்பர், இன்னும் சூடு அதிகமான இடத்தில் ஃப்ளூரோ ரப்பர், அதுதான் வழி.

ஆக்சில் பூட் விஷயத்தில்தான் நியோப்ரீனின் சாமர்த்தியம் தெரியும். அது சக்கரத்துக்குப் போகும் அச்சின் மூட்டை மூடியிருக்கும் மடிப்பு உறை, அதன் நிலைமையை யோசியுங்கள். உள்ளே முழுக்க கிரீஸ். வெளியே வெயில், மழை, சேறு, சாலையிலிருந்து தெறிக்கும் கல், காற்றிலுள்ள ஓசோன். சக்கரம் திரும்பும்போதெல்லாம் மடிப்பு மடிப்பாக மடங்கி விரிய வேண்டும், அதுவும் வருடக்கணக்கில். இப்போது ஒவ்வொரு ரப்பராக உட்கார வைத்துப் பாருங்கள். நைட்ரைல் போட்டால் கிரீஸை அருமையாகத் தாங்கும், ஆனால் மடிந்த இடத்தில் ஓசோன் பட்டு விரிசல் விடும். ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர் போட்டால் வெயிலும் ஓசோனும் அதை ஒன்றும் செய்யாது, ஆனால் கிரீஸ் பட்டதும் ஊதிப்போகும். இயற்கை ரப்பர் மடிவதில் கெட்டிக்காரன், ஆனால் கிரீஸிலும் தோற்கும் ஓசோனிலும் தோற்கும். நியோப்ரீன் கிரீஸில் நைட்ரைல் அளவுக்கு இல்லை, ஓசோனில் ஈபிடிஎம் அளவுக்கு இல்லை, ஆனால் இரண்டிலும் பாஸ் மார்க் வாங்கும், மடங்கி விரிவதிலும் நன்றாகத் தாக்குப்பிடிக்கும். இந்த ரப்பரின் கதை மொத்தமும் இதுதான். ஒரு பாடத்தில் நூற்றுக்கு நூறு வேண்டுமென்றால் வேறு ரப்பர் தேடுங்கள், எல்லாப் பாடத்திலும் அறுபது வேண்டுமென்றால் இதைவிட்டால் ஆள் கிடைப்பது கஷ்டம். (இப்போது பூட்டுக்குக்கூட ஒருவகை மீள்தன்மையுள்ள பிளாஸ்டிக் நிறைய வருகிறது, அது வேறு கதை.)

பெல்ட் பக்கம் நடந்தது இதற்கு நேர் எதிர். எஞ்சின் அறைக்குள் சூடு ஏறிக்கொண்டே போனது. நியோப்ரீன் 100 டிகிரி செல்சியஸ் வரை நிம்மதியாக வேலை செய்யும், 120-ஐ கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள்ளும், அதற்கு மேல் நாள்பட நாள்பட இறுகி விரிசல் விடும். பெல்ட்டில் ஆயில் படக்கூடாது என்பதால் அங்கே ஆயில் தாங்கும் குணமும் அவ்வளவு அவசியம் இல்லை. ஆகவே நீளவாக்கில் பல வரிகள் உள்ள பெல்ட்டுகள் ஈபிடிஎம்முக்கும், டைமிங் பெல்ட்டுகள் ஹைட்ரஜன் ஏற்றிய நைட்ரைலுக்கும் போய்விட்டன. உங்களுக்கு ஒரு முக்கியமான விஷயம்: பழைய நியோப்ரீன் பெல்ட் கெட்டால் குறுக்கே விரிசல் தெரியும், பார்த்தே மாற்றிவிடலாம். ஈபிடிஎம் பெல்ட் விரிசலே விடாமல் வரிகள் தேய்ந்துகொண்டே போகும், பார்க்கப் புதுசு மாதிரியே இருக்கும். விரிசல் இல்லை என்று நம்பி விட்டுவிடாதீர்கள், வரியின் ஆழத்தை அளக்கும் கேஜ் வைத்துப் பாருங்கள்.

கேள்வி: சைக்கிள் டியூபுக்கு நியோப்ரீன் நல்லதா?

இல்லை. காற்றைப் பிடித்து வைப்பதில் இயற்கை ரப்பரைவிட மேல்தான், ஆனால் பியூட்டைல் ரப்பர் இருக்கும் இடத்தில் இதற்கு வேலை இல்லை.

கேள்வி (ஸ்கூபா கற்றுக்கொள்பவர்): நீச்சல் உடைக்குள் தண்ணீர் புகத்தான் செய்கிறது. பிறகு எப்படிக் குளிர் தெரியாமல் இருக்கிறது? இருபது மீட்டர் ஆழத்தில் மட்டும் ஏன் குளிர ஆரம்பிக்கிறது?

இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் இதைத் தலைகீழாகத்தான் புரிந்துவைத்திருக்கிறார்கள். உள்ளே புகுந்த தண்ணீர் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாகி நம்மைக் காப்பாற்றுகிறது என்று சொல்வார்கள். அந்தத் தண்ணீரைச் சூடாக்கும் செலவே உங்கள் உடம்புடையதுதானே! நிஜத்தில் காப்பாற்றுவது ரப்பருக்குள் இருக்கும் குமிழ்கள். வாயு வெப்பத்தைக் கடத்துவதில் மகா சோம்பேறி. உடை உடம்போடு ஒட்டியிருந்து தண்ணீர் உள்ளே வந்து போய்க்கொண்டிருக்காமல் பார்த்துக்கொண்டால் போதும், நனைவது ஒரு பொருட்டே இல்லை.

இதை முதலில் சரியாகப் பிடித்தவர் ஹியூ பிராட்னர் என்ற அமெரிக்க இயற்பியலாளர். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் இருந்தவர், 1950-களின் தொடக்கத்தில் கடற்படை முக்குளிப்பவர்களுக்காக யோசித்துக்கொண்டிருந்தார். அதுவரை எல்லாரும் உடம்பை நனையாமல் வைப்பது எப்படி என்றே மண்டையைக் குடைந்துகொண்டிருக்க, நனைந்தால் நனையட்டும், குமிழ் உள்ள துணி மாதிரி ஒன்று இருந்தால் போதும் என்று இவர் சொன்னார். நியோப்ரீன் நுரை அதற்குப் பொருந்தியது. உப்புத்தண்ணீர், வெயில், இழுத்து மடக்குவது எல்லாவற்றையும் ஒரே பொருள் தாங்க வேண்டும், மறுபடியும் பழைய 'எல்லாப் பாடத்திலும் பாஸ்' கதைதான்.

இப்போது உங்கள் இருபது மீட்டர். தண்ணீருக்குள் 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரண்டு மடங்கு, 20 மீட்டரில் மூன்று மடங்கு. அழுத்தம் மூன்று மடங்கானால் வாயுவின் கனஅளவு மூன்றில் ஒன்றாகச் சுருங்கும். ரப்பரின் சுவர் கொஞ்சம் எதிர்த்து நிற்கும் என்றாலும் குமிழ்கள் நசுங்கத்தான் செய்யும். மேலே 5 மில்லிமீட்டராக இருந்த உடை கீழே போனதும் மெலிந்துவிடுகிறது, மெலிந்தால் குளிர். கூடவே இன்னொன்றும் நடக்கும்: மிதக்க வைக்கும் சக்தியும் குறைவதால் இன்னும் வேகமாக இறங்க ஆரம்பிப்பீர்கள். உங்கள் பயிற்சியாளர் ஆழம் போகப் போக ஜாக்கெட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று ஏற்றச் சொல்வது இதற்காகத்தான். மேலே வரும்போது குமிழ்கள் மறுபடி ஊதும், ஆனால் நூற்றுக்கணக்கான தடவை நசுங்கி எழுந்தபின் முழுசாக எழாது. பழைய உடை மெல்லிசாகிப் போவது அதனால்தான், துவைத்துத் தேய்ந்ததால் இல்லை.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. 'நியோப்ரீன்' என்று அட்டையில் போட்டிருக்கும் மலிவான உறைகள், பைகள் பலவற்றில் இருப்பது எஸ்பிஆர் என்ற வேறு ரப்பரின் நுரை, அல்லது இரண்டின் கலவை. தண்ணீர் பாட்டில் உறைக்கு அது போதும், யாருக்கும் நஷ்டமில்லை. கடலில் இறங்கும் உடைக்கு அது போதாது.

கேள்வி (தச்சு வேலை செய்பவர்): ரப்பர் சொல்யூஷன் மாதிரி இருக்கும் மஞ்சள் பசையை இரண்டு பக்கமும் தடவி, காயவிட்டு ஒட்டச் சொல்கிறார்களே, காய்ந்த பசை எப்படி ஒட்டும்? வைத்த பிறகு நகர்த்தவே முடியவில்லையே?

அந்தப் பசையில் இருப்பது நியோப்ரீன்தான், டொலுவீன் போன்ற கரைப்பானில் கரைத்து, கூடவே ஒரு ஃபீனால் பிசின் சேர்த்தது. காய்ந்தது என்று நீங்கள் சொல்வது கரைப்பான் ஆவியாகிப்போனதை மட்டும். விரலால் தொட்டால் ஒட்டாது, ஆனால் நியோப்ரீன் நியோப்ரீனைத் தொட்டால் இரண்டு பக்கத்துச் சங்கிலிகளும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து பின்னிக்கொள்ளும், கரைப்பான் வெளியேறக் காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

அது மட்டும் போதாது, பின்னியது அங்கேயே இறுக வேண்டும். இங்கே மரத்து ரப்பருக்கும் இதற்கும் இன்னொரு வித்தியாசம் வருகிறது. மரத்து ரப்பரின் சங்கிலி ஒவ்வொரு கண்ணியிலும் ஒரே பக்கம் வளைந்து சுருண்டு போகும். நியோப்ரீனின் சங்கிலி பெரும்பாலும் இருபுறமும் மாறி மாறி வளைந்து மொத்தத்தில் நேராகப் போகும். நேரான குச்சிகளை அடுக்குவது சுலபம் இல்லையா? அதுபோலச் சங்கிலிகள் பக்கத்தில் பக்கத்தில் படுத்து ஒழுங்காக அடுக்கிக்கொள்கின்றன, அதைப் படிகமாதல் என்பார்கள். அழுத்திய சில நொடிகளில் கிடைக்கும் பிடி பின்னலால், அடுத்த சில மணி நேரத்தில் ஏறும் பலம் இந்தப் படிகங்களால்.

வேலை நுணுக்கம் மூன்று சொல்கிறேன். முழுசாகக் காயும் முன் ஒட்டினால் உள்ளே மாட்டிய கரைப்பான் கொப்புளமாக எழும்பும். அதிக நேரம் விட்டால் தடவிய படலத்திலேயே படிகம் கட்டிப் பிடிக்காமல் போகும், அப்போது லேசாகச் சூடு காட்டினால் மறுபடி உயிர் வரும். மூன்றாவது, நேரம் முக்கியமில்லை அழுத்தம்தான் முக்கியம், ஒரு மணி நேரம் லேசாக அழுத்துவதைவிட ஒரே தடவை ரோலரால் ஓங்கி உருட்டுவது மேல். நகர்த்த முடியாதது பசையின் குற்றமில்லை, குணம். நடுவில் மெல்லிய குச்சிகளை வைத்து ஷீட்டைப் பொருத்திப் பார்த்து, ஒவ்வொன்றாக உருவிக்கொண்டே அழுத்துங்கள்.

மென்மையான பிவிசியில் இந்தப் பசை நிற்காது, அதிலிருந்து கசியும் எண்ணெய் போன்ற மென்மையூட்டி பசையை இளக்கிவிடும். தெர்மகோலில் தடவினால் தெர்மகோலே கரைந்து ஓடும்! ஜன்னலைத் திறந்துவைத்து, பக்கத்தில் தீ இல்லாமல் வேலை செய்யுங்கள்.

கேள்வி: குளிரூட்டும் கிடங்கில் ஸ்பேராக வைத்திருந்த நியோப்ரீன் கேஸ்கெட்டுகள் மரக்கட்டை மாதிரி ஆகிவிட்டன. தூக்கி எறிய வேண்டியதுதானா?

எறிவதற்கு முன் ஒரு கேஸ்கெட்டை எடுத்து வெதுவெதுப்பான இடத்தில் ஒரு நாள் வையுங்கள். மேலே பசைக்குச் சொன்ன அதே படிகம்தான் இங்கேயும். பசைக்கு வரமாக இருப்பது கேஸ்கெட்டுக்குச் சாபம். மைனஸ் 10 டிகிரி அருகில் நியோப்ரீன் வேகமாகப் படிகமாகும், அதைவிடக் கடுங்குளிரில் ஆச்சரியமாக மெதுவாகத்தான் ஆகும். சூடு காட்டினால் படிகம் உருகிப் பழையபடி இளகும். இளகவே இல்லை, மடக்கினால் விரிசல் தெரிகிறது என்றால் அது வயதானதால் வந்த இறுக்கம், அதற்கு மருந்து கிடையாது. குளிரில் வேலை செய்ய வேண்டிய இடத்துக்கு மெதுவாகப் படிகமாகும் தனி ரகங்கள் உண்டு, வாங்கும்போதே கேட்க வேண்டும். எந்த ரகமானாலும் மைனஸ் 40-ஐ நெருங்கினால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும், அது படிகமாவதில் சேராது.

கேள்வி: நியோப்ரீன் தீப்பிடிக்காதாமே?

பிடிக்கும். தீயைக் காட்டினால் எரியும், தீயை எடுத்தால் தானாக அணையும். அவ்வளவுதான் சொல்ல முடியும். சுரங்கத்துக் கேபிள், வெல்டிங் கேபிள் இவற்றின் மேலுறையாக இது பல காலம் இருந்தது இந்தக் குணத்துக்காக. (மேலுறை மட்டும்தான், செம்பைச் சுற்றும் உள் காப்பாக இது அவ்வளவு நல்லதில்லை. குளோரினால் வரும் துருவத்தன்மை மின்காப்பைக் கெடுக்கிறது.) அணைக்கும் அதே குளோரின், எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடாக வெளியே வரும். ஈரத்தோடு சேர்ந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம், நுரையீரலுக்கும் கேடு, பக்கத்தில் இருக்கும் மின்னணுச் சாதனங்களுக்கும் கேடு. தீ அணைந்தது என்று உள்ளே நுழைந்துவிடாதீர்கள். ஆள் நெரிசலான மூடிய இடங்களில் குளோரின் போன்ற ஹாலஜன் இல்லாத கேபிள் கேட்பது இதனால்தான்.

கேள்வி: நைலான் கண்டுபிடித்தவர்தான் இதையும் கண்டுபிடித்தாரா?

ஆமாம் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். கதை ஒரு பாதிரியாரிடம் ஆரம்பிக்கிறது. ஜூலியஸ் நியூலண்ட், அமெரிக்காவின் நோட்ரடாம் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியர், கத்தோலிக்கப் பாதிரியார். அசெட்டிலீன் வாயு மேல் அவருக்கு ஒரு தீராத பித்து. செம்பு உப்பை வினையூக்கியாக வைத்து அசெட்டிலீன்களை ஒன்றோடு ஒன்று இணைக்கும் வழியைப் பிடித்திருந்தார். 1925-ல் அதைப் பற்றி அவர் பேசியதைக் கேட்ட டூபான்ட் வேதியியலாளர் எல்மர் போல்டனுக்கு இதிலிருந்து ரப்பர் வரும் என்று பொறி தட்டியது.

டூபான்டில் அந்த வேலை வாலஸ் கரோதர்ஸின் குழுவுக்கு வந்தது, பின்னால் நைலானைத் தந்த அதே கரோதர்ஸ். ஆனால் கையால் செய்தவர் குழுவிலிருந்த ஆர்னால்ட் காலின்ஸ். 1930 ஏப்ரலில் நியூலண்டின் பொருளைச் சுத்தப்படுத்திக்கொண்டிருந்தபோது, எதிர்பாராத ஒரு திரவம் கொஞ்சம் பிரிந்து வந்தது. அதை அப்படியே வைத்துவிட்டுப் போனார், திரும்பி வந்து பார்த்தால் கெட்டியாகியிருந்தது. எடுத்து மேஜையில் எறிந்தார், குதித்தது. உள்ளே குளோரின் வந்தது எப்படி என்றால், அந்த வினையில் சேர்த்திருந்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலிருந்து. தற்செயல் என்பார்கள், ஆனால் குதிக்கிறதா என்று எறிந்து பார்க்கத் தோன்ற வேண்டுமே.

நியூலண்ட் 1936-ல் இறந்தார், கரோதர்ஸ் 1937-ல் தன் 41-வது வயதில் தன்னையே மாய்த்துக்கொண்டார். நைலான் உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது அதற்கு அடுத்த வருடம்.

கேள்வி (வாசகி ஒருவர்): மூட்டு வலிக்கு நியோப்ரீன் பட்டை போட்டேன், பட்டை இருந்த இடம் முழுக்கச் சிவந்து அரிக்கிறது. எனக்கு ரப்பர் கையுறையே ஆகாது. நியோப்ரீன் அலர்ஜி தராது என்றுதான் வாங்கினேன்.

இதில் இரண்டு அலர்ஜிகள் குழம்பிக் கிடக்கின்றன. ரப்பர் பால் கையுறையில் வருவது அந்தப் பாலில் உள்ள புரதத்தால், சில பேருக்கு மூச்சுத் திணறல் வரை போகும். நியோப்ரீனில் அந்தப் புரதம் கிடையாது, அந்த வகையில் நீங்கள் நம்பி வாங்கியது தப்பில்லை. ஆனால் ரப்பரை இறுக்கச் சேர்க்கும் தையோயூரியா என்ற வகை ரசாயனங்களும், துணியை ஒட்டிய பசையிலிருக்கும் பிசினும் சிலருக்குத் தோலில் தாமதமான அலர்ஜியைத் தரும், போட்ட உடனே வராமல் ஒன்றிரண்டு நாள் கழித்துத் தலைகாட்டும். வெறும் வியர்வை அடைபட்டு வரும் வேர்க்குருவாகவும் இருக்கலாம். எது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, தோல் மருத்துவர் முதுகில் பேட்ச் டெஸ்ட் வைத்துச் சொல்லிவிடுவார். போகும்போது அந்தப் பட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள், அதிலிருந்தே ஒரு துண்டு வெட்டி வைத்துப் பார்ப்பார்கள். அதுவரை பட்டை வேண்டாம்.

கேள்வி: நியோப்ரீன் புற்றுநோய் வரவழைக்கும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். சுண்ணாம்புக்கல் நியோப்ரீன் பாதுகாப்பானதாமே?

ரப்பர் வேறு, அது செய்யப்படும் குளோரோப்ரீன் வேறு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2010-ல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது என்று வகைப்படுத்தியது குளோரோப்ரீனைத்தான். உடுத்துபவரைவிட அதன் ஆவி கசியும் தொழிற்சாலையில் வேலை செய்பவர்களும் பக்கத்தில் குடியிருப்பவர்களும்தான் கவலைப்பட வேண்டியவர்கள். லூயிசியானாவின் லாப்ளாஸ் ஊரில் டூபான்ட் நடத்தி 2015-ல் டென்கா நிறுவனத்துக்கு விற்ற ஆலையைச் சுற்றி நடந்த நீண்ட போராட்டம் முழுக்க இதைப் பற்றியதே.

சுண்ணாம்புக்கல் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு. நியோப்ரீனைப் பெட்ரோலியத்திலிருந்து வரும் பியூட்டாடையீனிலிருந்து தயாரிப்பது ஒரு வழி. அதற்குப் பதில் சுண்ணாம்புக்கல்லை நிலக்கரியோடு உலையில் வறுத்துக் கார்பைடாக்கி, அதிலிருந்து அசெட்டிலீன் எடுத்து, அதிலிருந்து குளோரோப்ரீன் செய்கிறார்கள். நியூலண்ட் காலத்து வழிதான்! கடைசியில் கிடைப்பது அதே குளோரோப்ரீன், அதே ரப்பர், உலைக்கு எக்கச்சக்க மின்சாரம் வேறு. கல்லிலிருந்து வந்தது என்பதால் பச்சையாகிவிடாது. நிஜமாகவே மாற வேண்டுமென்றால் தாவர ரப்பர் நுரையில் செய்த உடைகள் இருக்கின்றன, பட்டகோனியா என்ற உடை நிறுவனம் 2016-ல் அந்தப் பக்கம் போய்விட்டது.

கேள்வி: பாலத்துக்கு அடியில் தூணுக்கும் உத்தரத்துக்கும் நடுவில் கறுப்பாக ஒரு கட்டி இருக்கிறதே, அதுவும் இதுதானா?

நியோப்ரீனாக இருக்கலாம், இயற்கை ரப்பராகவும் இருக்கலாம், இரண்டும் பழக்கத்தில் உள்ளவை. முப்பது மீட்டர் கான்கிரீட் உத்தரம் 30 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் நீளும். அந்த நீட்சிக்கு வழிவிட வேண்டும், அதே நேரம் லாரிகளின் எடையில் நசுங்கவும் கூடாது. ரப்பரை அழுத்தினால் அது சுருங்காது, பக்கவாட்டில் பிதுங்கும். அதனால் ரப்பரை மெல்லிய தகடுகளாக்கி இடையிடையே எஃகுத் தகடு வைத்து ஒரே கட்டியாக ஒட்டிவிடுகிறார்கள். எஃகு பிதுங்க விடாது, ஆகவே மேலிருந்து அழுத்தினால் கட்டி கல். பக்கவாட்டில் தள்ளினால் சீட்டுக்கட்டு சாய்வதுபோல ஒவ்வொரு ரப்பர் அடுக்கும் சாயும், எஃகு அதைத் தடுக்காது. நியோப்ரீனுக்கு இங்கே வேலை வெயிலையும் ஓசோனையும் பல பத்தாண்டுகள் சகித்துக்கொண்டு கிடப்பது.

கேள்வி: ராஸ்வெல்லில் விழுந்தது பறக்கும் தட்டு இல்லை, நியோப்ரீன் என்று நண்பன் சத்தியம் செய்கிறான்.

நண்பன் பக்கம்தான் நான். 1947-ல் நியூ மெக்சிகோவில் ராஸ்வெல் அருகே கிடைத்த துண்டுகள், சோவியத் அணுகுண்டுச் சோதனையின் ஒலியை மேல் வளிமண்டலத்தில் ஒட்டுக்கேட்க அமெரிக்கா ரகசியமாகப் பறக்கவிட்ட 'மோகுல்' திட்டத்தின் பலூன் தொடர் என்று அமெரிக்க விமானப்படை 1994-ல் சொன்னது. அந்தப் பலூன்கள் நியோப்ரீன். பலூன் என்றால் ரப்பர் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிசாக இழுபட்டிருக்கும், அந்த நிலையில் வெயிலில் நாள்கணக்கில் கிடந்தால் நியோப்ரீனுக்கும் எல்லை உண்டு, கறுத்து உதிர்ந்து சாம்பல் துண்டுகள் மாதிரி ஆகிவிடும். பார்த்தவர்களுக்குப் பூமிப் பொருளாகத் தெரியாததில் ஆச்சரியமில்லை.

கேள்வி: பழைய நியோப்ரீனை உருக்கி வேறு பொருள் வார்க்கலாமா?

முடியாது. ஒருமுறை இறுக்கிய ரப்பர் உருகாது, சூடேற்றினால் கருகும், கருகும்போது மேலே சொன்ன அமிலப் புகையும் வரும். வெட்டி வாஷர், மேஜைக் கால் அடியில் வைக்கும் பேட், அதிரும் மோட்டாருக்கு மெத்தை என்று உபயோகிக்கலாம். பழைய நீச்சல் உடையின் முழங்கால் பகுதியை வெட்டித்தான் என் கேமராவுக்கு உறை தைத்திருக்கிறேன், இன்னும் உழைக்கிறது.